ஐந்தரை ராத்தலுக்கு அந்தப் பக்கம்

ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மேற்கு முனையில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கோட்டையையும் ஆதிரங்கன் கோயிலையும் நடுவில் விட்டுவிட்டு இரு பக்கமும் ஓடி, கிழக்கே சங்கமத்தில் மறுபடி ஒன்றாகிறது. 1939இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்தபோது இந்தத் தீவு மண்டியா பக்கம் போய்விட்டது. கோடு அப்படி விழுந்தது, அவ்வளவுதான். மைசூர் என்னவோ இன்றைக்கும் 15 கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

ஆடி பிறக்கும் முன்பே இந்தத் தீவுக்குச் சற்று மேலே உள்ள கிருஷ்ணராஜ சாகர் அணையின் நீர்மட்டம் தமிழ்ப் பத்திரிகைகளில் வரத் தொடங்கிவிடும். முழு நீர்மட்டம் 124.80 அடி. தஞ்சாவூர்க்காரர் ஒருவரை வழியில் பார்த்தால் "மேட்டூர் எத்தனை அடி?" என்றுதான் கேட்பார். "அணை நிரம்பிடுச்சா, இல்லையா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள மாட்டார். 60 அடியும் 119 அடியும் 'நிரம்பவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கும். ஆனால் ஒன்றில் குறுவை இல்லை, மற்றொன்றில் உண்டு. அணை விஷயத்தில் நாம் இவ்வளவு கெட்டிக்காரர்கள்.

உடம்பு விஷயத்தில் அப்படியில்லை. அதே ஆள் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால், "சுகர் இருக்கா சார்?" என்பார். இருக்கா, இல்லையா. நடுவில் ஒன்றுமில்லை.

என் சித்தப்பாவுக்கு வெறும் வயிற்றில் 124 வந்தது. "ஒண்ணுமில்லேடா, சுகர் இல்லை" என்று அன்று இரவே பாதாம் அல்வா வாங்கி வந்தார். மூன்று மாதம் கழித்து 127. சித்தி அழுதாள். வீட்டில் துக்கம் விசாரிக்க வருவதுபோல ஆட்கள் வந்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் ஐந்தாறு மில்லிகிராம் ஏறி இறங்குவது சாதாரணம். 124இல் இருந்த சித்தப்பாவும் 127இல் இருந்த சித்தப்பாவும் ஒரே சித்தப்பாதான். நடுவில் இருந்தது 126 என்ற கோடு. 1997 வரை அந்தக் கோடு 140இல் இருந்தது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் மீண்டும் அல்வா வாங்கியிருப்பார்.

எடை, உயரம், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் இடைவெளியில்லாமல் ஏறி இறங்குகிற அளவுகள். புள்ளியியலில் இவற்றைத் தொடர் மாறிகள் என்பார்கள். ஆனால் ஆய்வறிக்கைகளைத் திறந்தால் பாதி இடத்தில் இவை பெட்டிகளாகத்தான் இருக்கும்: குண்டு, ஒல்லி, உயர் அழுத்தம், சாதாரணம், எடை குறைவு, எடை சரி. எங்கே வெட்டுகிறோம், ஏன் வெட்டுகிறோம், வெட்டும்போது கீழே விழுந்தது என்ன என்று கேட்க, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல இடம் இருக்கிறது.

மைசூர் மண்டி மொஹல்லாவில் உள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை 1906இல் மெதடிஸ்ட் மிஷனரிகள் தொடங்கியது. ஊரார் வாயில் அது மிஷன் ஆஸ்பத்திரி. 1934 முதல் அங்கே பிரசவ அறையில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஒவ்வொரு குழந்தையின் எடை, நீளம், தலைச்சுற்றளவு, கூடவே தாயின் எடையும் பதிவேட்டில் ஏறின. எடை கிலோவில் அல்ல. அந்தக் காலத்து ராத்தலிலும் (பவுண்டு) அவுன்ஸிலும்.

அறுபது ஆண்டு கழித்து அந்தப் பதிவேடுகளைத் தேடி இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கருவில் வளர்ச்சி குன்றினால் நடுவயதில் இதயநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று டேவிட் பார்க்கர் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த யோசனைக்கு ஆதாரம் கொடுத்ததும் ஒரு மருத்துவச்சிகளின் பதிவேடுதான். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அம்மாள் 1911 முதல் மருத்துவச்சிகளை எழுதவைத்த எடைகள் அவை. ஏழை நாட்டில், பொதுவாகவே சின்னதாகப் பிறக்கிற குழந்தைகளிடமும் இது உண்மையா என்று பார்க்க மைசூரை விட்டால் இடமில்லை. கரோலின் ஃபால், கிளாடியா ஸ்டைன், குமரன் உள்ளிட்ட குழு, 1934க்கும் 1954க்கும் இடையில் அந்த ஆஸ்பத்திரியில் பிறந்து, இன்னும் அதன் சுற்றுவட்டத்திலேயே வாழ்ந்த 517 பேரைப் பரிசோதித்தது. 1996இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. 25 ஆண்களுக்கும் 27 பெண்களுக்கும் இதயத் தமனி நோய் இருந்தது. பிறந்தபோது ஐந்தரை ராத்தலோ அதற்குக் கீழோ இருந்தவர்களில் 11 சதவீதம். ஏழு ராத்தலும் மேலும் இருந்தவர்களில் 3 சதவீதம். குழந்தை ஐந்தரை ராத்தலுக்கு மேற்படாமல், தாயும் கர்ப்பகாலத்தில் 100 ராத்தலுக்குக் கீழே இருந்திருந்தால் 20 சதவீதம்.

இந்த எண்களை நான் முதலில் படித்தபோது நோயைவிட என் கண்ணில் பட்டது எல்லைகள்தான். ஐந்தரை, ஏழு, நூறு. எல்லாம் கைக்கு அடக்கமான எண்கள். இதயத்துக்கு 100 ராத்தல் என்பது தெரியாது. அது தராசில் எழுதியிருப்பது. கிலோவில் எடை போட்டிருந்தால் 45.36 என்று யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. நோயாளிகள் மொத்தம் 52 பேர்தான். அவர்களைக் குழந்தையின் எடை, தாயின் எடை என்று இரு பக்கமும் வெட்டிப் பெட்டிகளில் போட்டால், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கைப்பிடி ஆட்கள்தான் மிஞ்சுவார்கள். இரண்டு பேர் இடம் மாறினால் சதவீதம் ஆடும். அட்டவணையை வைத்து வாசகருக்குக் காட்டலாம். அதை வைத்தே கணக்கும் போடக் கூடாது.

ஐந்தரை எங்கிருந்து வந்தது? அர்வோ இல்ப்போ என்ற ஃபின்லாந்துக் குழந்தை மருத்துவர், 104 வயது வரை வாழ்ந்தவர், 1919இல் குறைமாதக் குழந்தைக்கு 2,500 கிராம் என்ற எல்லையை வைத்தார். முழு எண், நினைவில் நிற்கும். 1948இல் உலகச் சுகாதார நிறுவனம் அதையே எடுத்துக்கொண்டது: 2,500 கிராம், அதாவது ஐந்தரை ராத்தல், 'அல்லது அதற்குக் கீழ்'. 1961இல் 'குறைமாதம்' என்ற பெயர் போய் 'எடை குறைவு' ஆனது. 1976இல் 'அல்லது' என்ற சொல் போய், 2,500க்குக் கீழே இருந்தால் மட்டுமே எடை குறைவு என்றானது.

அந்தச் சொல் போனதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. நம் ஊரில் குழந்தையின் எடையை எழுதுகிறவர் 2,470 என்று எழுதுவது அபூர்வம். முள் எங்கேயோ அங்கே இங்கே நிற்கும், கை 2,500 என்று எழுதும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் பிறப்பு எடைகளை வரிசையாக அடுக்கினால் 2,000, 2,500, 3,000 என்ற இடங்களில் மட்டும் செங்குத்தாகக் கோபுரம் எழும். அவற்றில் ஒன்று கோட்டின் மேலேயே நிற்கிறது. 'அல்லது அதற்குக் கீழ்' என்றால் அந்தக் கோபுரத்துக் குழந்தைகள் அத்தனையும் எடை குறைந்தவை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அத்தனையும் சரியானவை. ஒரு குழந்தைக்கும் ஒரு கிராம் கூடவில்லை. 2019–21 கணக்கெடுப்பில் எடை பதிவான குழந்தைகளில் 18 சதவீதம் 2.5 கிலோவுக்குக் கீழே என்று படிக்கும்போது அந்தக் கோபுரத்தையும் நினைத்துக்கொள்வது நல்லது.

ராத்தலிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஐந்தரை ராத்தல் ஏறக்குறைய 2,495 கிராம். ஆகையால் மைசூர்ப் பதிவேட்டில் ஐந்தரை என்று எழுதப்பட்ட குழந்தை எந்த விதிப்படியும் எடை குறைந்ததுதான். அதே முள்ளைக் கிலோ தராசில் பார்த்து 2.5 என்று எழுதியிருந்தால் இன்றைய விதிப்படி தப்பித்திருக்கும்.

இல்ப்போ எல்லை வகுத்தது ஐரோப்பியக் குழந்தைகளுக்கு. அங்கே சராசரி எடை மூன்றரைக் கிலோவை ஒட்டியது. 2,500 என்பது கூட்டத்தின் ஓரத்தில், மெலிந்த வால் பகுதியில் விழும். இந்தியக் குழந்தைகளின் சராசரி 2.8 கிலோ அளவில்தான். அதே கோடு இங்கே கூட்டத்தின் நடுவயிற்றுக்குப் பக்கத்தில் விழுகிறது. தராசு 50 கிராம் பிசகினால் அங்கே சில குழந்தைகள் இடம் மாறும்; இங்கே தெருத்தெருவாக மாறும்.

சரி, வெட்டினால் எவ்வளவு இழக்கிறோம்? இதற்குக் கணக்கு உண்டு. எடைகள் மணி வடிவில் பரவியிருக்கின்றன, நோயோடு உள்ள தொடர்பு ஏறக்குறைய நேர்கோடு என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தைச் சரிபாதியாக வெட்டி 'குறைவு', 'அதிகம்' என்று இரண்டு பெட்டியில் போட்டால், மிஞ்சுகிற தகவல் இரண்டைப் பையால் வகுத்த அளவு, அதாவது 64 சதவீதம். வட்டத்துக்குரிய பை இங்கே எங்கே வந்தது என்று கேட்டால், மணி வடிவத்துக்குள் அது எப்போதும் ஒளிந்திருக்கிறது. மைசூரின் 517 பேருக்கு இதைப் பொருத்தினால், பெட்டி வைத்துக் கணக்குப் போடுவது சுமார் 330 பேரை மட்டும் வைத்துப் போடுவதற்குச் சமம். வீடு வீடாக அலைந்து, பழைய பதிவேட்டில் தாய் பெயரைத் தேடிப் பொருத்திக் கண்டுபிடித்தவர்களில் 187 பேரை, "நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்று அனுப்பிவிட்டது போல. வெட்டு ஓரத்தில் விழுந்தால் இன்னும் மோசம்: ஆறில் ஒருவரை மட்டும் பிரிக்கிற இடத்தில் வெட்டினால் பாதிக்கும் மேல் போய்விடும். மூன்று பெட்டியென்றால் ஐந்தில் நான்கு பங்கு மிஞ்சும். ஐந்து பெட்டியென்றால் பத்தில் ஒன்பது. வெட்டியே தீரவேண்டுமானால் கொஞ்சம் நிறையவே வெட்டலாம்.

இழப்பையாவது பொறுக்கலாம். பொய் சேர்வதுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. எங்கே வெட்டுவது என்பது ஆய்வாளர் கையில் இருந்தால், அவர் 5.2இல் வெட்டிப் பார்ப்பார், 5.5இல், 5.8இல், 6இல் பார்ப்பார். எங்கே வேறுபாடு 'பளிச்' என்று தெரிகிறதோ அங்கே நிறுத்திக்கொள்வார். அவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. நல்ல மனிதரே இதைச் செய்வார், 'உகந்த வெட்டுப்புள்ளி' என்று மரியாதையான பெயரும் வைப்பார். 1994இல் டக்ளஸ் ஆல்ட்மனும் கூட்டாளிகளும் இதை ஆராய்ந்தார்கள். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத அளவுகளில்கூட, இப்படித் தேடிப்பார்த்து வெட்டினால், நூற்றுக்கு ஐந்து முறை வரவேண்டிய பொய் அபாயமணி நாற்பது முறை வரை அடிக்கும். மார்பகப் புற்றுநோயில் செல் பெருக்கத்தைக் காட்டும் ஒரே ஓர் அளவுக்கு, ஆய்வுக் கட்டுரைகளில் 19 வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் இருந்ததை அவர்கள் எண்ணிச் சொன்னார்கள். ஓர் ஊரில் அபாயத்தில் இருப்பவர் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினால் பிழைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகைக் கேடு, வளைவு மறைவது. இதற்கும் மைசூரிலேயே உதாரணம் இருக்கிறது. இதயநோயில் முடிவு எதிர்பார்த்தபடி வந்தது. அதே கூட்டத்தில் 506 பேரிடம் நீரிழிவையும் பார்த்தார்கள்; 1998இல் முடிவு வந்தது. இங்கிலாந்தில் எடை குறைந்து பிறந்தவர்களுக்குத்தான் நீரிழிவு அதிகம். மைசூரில், நீளம் குறைந்து, அந்த நீளத்துக்குச் சதை அதிகமாகப் பிறந்தவர்களுக்கு அதிகம். எடை கூடிய தாய்மார்களின் பிள்ளைகளுக்கும் அதிகம். எடையை நீளத்தின் கனத்தால் வகுத்துப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. பதிவேட்டில் 'சின்னக் குழந்தை', 'நல்ல குழந்தை' என்று மட்டும் எழுதியிருந்தால் எதை எதனால் வகுப்பது? குட்டையான கொழுகொழு குழந்தை 'நல்ல குழந்தை' பெட்டியில் போய் உட்கார்ந்திருக்கும். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். (புனேவின் சித்தரஞ்சன் யாஜ்னிக் பின்னாளில் இதையே வேறுவிதமாகக் காட்டினார். அவருக்கும் லண்டன் நண்பர் ஜான் யுட்கினுக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றுதான், 22.3. உடம்புக் கொழுப்போ நண்பருக்கு 9 சதவீதம், இவருக்கு 21.)

தாய்க்குச் சர்க்கரை இருந்ததா என்ற கேள்வி இங்கே தானாக வரும். அதைப் பார்க்க அதே ஆஸ்பத்திரியில் 1997இல் பார்த்தனான் ஆய்வு தொடங்கியது. கர்ப்பிணிகளில் 6 சதவீதம் பேருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, 'சர்க்கரை இல்லை' என்ற பெட்டியில் இருந்த தாய்மாரிடமும் சர்க்கரை சற்று ஏற ஏறக் குழந்தையின் எடையும் ஏறியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் நினைத்த இடத்தில் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. ஒன்பது நாடுகளில் 23,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்து 2008இல் வெளிவந்த ஹாப்போ ஆய்வும் (இந்தியா அதில் இல்லை) இதையே சொன்னது: சர்க்கரையும் விளைவும் சேர்ந்தே ஏறுகின்றன, ஆபத்து தொடங்குகிற படி என்று ஒன்று தெரியவில்லை. படி இல்லாத இடத்தில் கோடு எப்படிப் போடுவது? நிபுணர்கள் உட்கார்ந்து பேசினார்கள். சராசரிச் சர்க்கரையில் உள்ள ஆபத்தைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு ஆகிற இடம் என்று முடிவு செய்தார்கள். வெறும் வயிற்றில் 92 என்று வந்தது. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்றும் பேச்சு இருந்தது. அவற்றில் ஒன்றைத் தேர்ந்திருந்தால் உலகம் முழுக்க எத்தனையோ லட்சம் பெண்கள் வேறு பெட்டியில் இருந்திருப்பார்கள். சென்னையில் டாக்டர் வி. சேஷய்யா வழிகாட்டிய இந்திய முறைக்கு வெறும் வயிறே வேண்டாம். எப்போது வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து 140. இருட்டோடு எழுந்து பஸ் பிடித்து வரும் கர்ப்பிணியை இன்னொரு நாள் பட்டினியோடு வா என்றால் வரமாட்டாள் என்று தெரிந்து போட்ட கோடு அது. எனக்கு இந்தக் கோட்டின் மேல் மரியாதை. தன்னை இயற்கை விதி என்று அது சொல்லிக்கொள்வதில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தை மறந்துவிடவில்லை. 1799இல் திப்பு வீழ்ந்தபின் கும்பினிப் படை இந்தத் தீவில்தான் தங்கியது. காய்ச்சல் அவர்களை விடவில்லை. 1809இல் பாளையத்தைப் பெங்களூருக்கு மாற்றிக்கொண்டார்கள். ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு என்று அளக்க அப்போது வழி கிடையாது. டெம்ப்ஸ்டர் என்ற ராணுவ மருத்துவர் 1840களில் வட இந்தியக் கால்வாய் ஊர்களில் ஒரு வழி கண்டார்: விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்து அழுத்தி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. வீங்கிய பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை என்பது மண்ணீரல் வீதம். 1950இல் கம்பாலாவில் கூடிய மாநாடு அந்த வீதத்தையும் பெட்டியில் போட்டது: 10 வரை, 50 வரை, 75 வரை, அதற்கு மேல். இது இரட்டை வெட்டு. விரலுக்குத் தட்டுப்படுகிற மண்ணீரலும் தொப்புள் வரை இறங்கிய மண்ணீரலும் முதல் வெட்டில் ஒன்றாகின்றன; 49 சதவீத ஊரும் 51 சதவீத ஊரும் இரண்டாம் வெட்டில் வேறாகின்றன. முன்னதைச் சரிசெய்ய 1944லேயே ஹேக்கட் என்பவர் வீக்கத்துக்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை படிகள் வைத்திருந்தார். தடவுகிற விரலுக்கு அவ்வளவு நுணுக்கம் சாத்தியம்தான். எழுதுகிற கைக்குப் பொறுமை வேண்டும்.

வெட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. அணைப் பொறியாளர் ஏதோ ஒரு மட்டத்தில் மதகைத் திறந்தாக வேண்டும். பாதி மதகைத் திறந்த மனநிலை என்று ஒன்று கிடையாது. கிராமச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவின் கையில் உள்ள தொங்கு தராசில் நிறப்பட்டை தீட்டியிருப்பது, மழையில் நனைந்தபடி ஒரு வீட்டு வாசலில் நின்று, இந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அவர் ஒரு நிமிடத்தில் முடிவெடுக்க. அங்கே கோடு உயிர் காக்கும். ஆனால் அதே பொறியாளர் மதகைத் திறந்தபின் 'அணை நிரம்பியது' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதில்லை. அடியில் இரண்டு தசமம் வரை எழுதுகிறார். தாய் அட்டையிலும் பட்டையின் நிறத்தை எழுதாமல் எடையை எழுத இடம் இருக்கிறது.

கணக்குப் போடுகிறவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. தொடர்பு நேராக இருந்தால் நேர்கோடு போதும். வளைந்தால், கப்பல் வரைபடக்காரர்கள் ஒரு காலத்தில் ஆணிகளுக்கு நடுவே வளைத்து வைத்த மெல்லிய மரப்பட்டையின் பெயரால் ஸ்ப்லைன் என்று ஒரு முறை இருக்கிறது; எடை எங்கே கூடினால் அபாயம் எங்கே வளைகிறது என்று அது தானே வளைந்து காட்டும். கணினி வந்தபின் இதற்குச் சில வினாடிதான். ஆனால் இன்றும் பெட்டிகள் குறையவில்லை. பெட்டி பேசுவதற்கு வசதி. "எடை குறைந்த குழந்தைக்கு இதயநோய்" என்று தலைப்புப் போடலாம். "ஓர் அவுன்ஸ் கூடக் கூட இவ்வளவு குறைகிறது" என்றால் உதவி ஆசிரியர் முகம் சுளிப்பார். நானும் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன், சுளித்திருக்கிறேன்.

மைசூர்ப் பிரசவ அறையில் 1934இல் எழுதியவர்களுக்கு இதயநோய் ஆய்வு பற்றி எதுவும் தெரியாது. ஐந்து ராத்தல் பதினோரு அவுன்ஸ் என்று எழுத வேண்டியிருந்தது, எழுதினார்கள். அந்தப் பதினோரு அவுன்ஸைத்தான் அறுபது ஆண்டு கழித்து ஒருவர் விரலை வைத்துப் படித்தார்.

சித்தப்பா இப்போது வீட்டிலேயே மாதம் இரண்டு முறை சர்க்கரை பார்க்கிறார். குளுக்கோமீட்டர் காட்டியதைத் தினசரிக் காலண்டரில் அந்தந்தத் தேதித் தாளிலேயே எழுதி, கிழித்த தாளை எறியாமல் ஒரு புத்தகத்துக்குள் சேர்த்து வைக்கிறார். போன வாரம் புரட்டிப் பார்த்தேன். 118, 131, 122, 129, 120. ஒரு தாளில் மட்டும் 126. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.